வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் ‘டேட் நைட்’டுக்கு, மது இல்லாமல், பூ வாசமும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்த பானங்கள் என்ன செய்யலாம்?

முதல் தடவை நான் செய்தது குடிக்கவே முடியாத ஒன்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்களும் அதே தவறைச் செய்ய நிறைய வாய்ப்பு இருக்கிறது.

எங்கள் வீடு திருச்சியில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் இருவரும் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஹோட்டலுக்குக் கிளம்பினால் பார்க்கிங், காத்திருப்பு என்று பாதி மாலை கரைந்துவிடும். அதனால் மொட்டைமாடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் மதுப் பழக்கம் இல்லை. ஆனால் பேசிக்கொண்டே மெதுவாகக் குடிக்கக் கையில் ஏதாவது வேண்டும். ஃபில்டர் காபி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, பேச்சும் அதோடு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது.

சின்ன வயதில் குடித்த பன்னீர் சோடா எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதையே கொஞ்சம் பெரியவர்களுக்கான மாதிரி செய்யலாம் என்று எலுமிச்சம்பழம், சர்க்கரை, சோடா எல்லாம் சேர்த்து, பூஜை சாமான் கடையில் வாங்கிய பன்னீரை இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். மனைவி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என்னங்க இது, கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. சந்தனம் எங்க, கல்கண்டு எங்க?” என்றாள். அதற்கப்புறம் அன்று மோர்தான்.

அவள் சொன்னது சரிதான். அந்தப் பன்னீர் வரவேற்பில் தெளிப்பதற்கு. அதில் செயற்கை வாசனைதான் பெரும்பாலும் இருக்கும், வயிற்றுக்குள் போவதற்காகச் செய்ததல்ல. உணவுக்கென்று விற்கும் ரோஸ் வாட்டர் தனி. பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா, சேர்மானம் என்ற இடத்தில் ரோஜாவும் தண்ணீரும்தான் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகத்துக்குப் பூசுவதற்கு விற்பதும் வேண்டாம்.

அடுத்து அளவு. பூ வாசத்துக்கு ஒரு வினோதம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் மலர், கொஞ்சம் கூடினால் சோப்பு. நல்ல ரோஸ் வாட்டராக இருந்தாலும் ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் சொட்டுச் சொட்டாகக் கூட்டலாம். அதையும் கடைசியில், ஐஸ், சோடா எல்லாம் போட்ட பிறகு, மேலே விட வேண்டும். குளிர்ந்த பானத்தில் வாசம் அடங்கிப்போகும். அடியில் கலந்துவிட்டால் ஐஸுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும், வாசம் தெரியவில்லையே என்று நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், மறுபடி கல்யாண மண்டபம். மேலே விட்டால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதே மூக்குக்கு ரோஜா கிடைத்துவிடும்.

எலுமிச்சைக்கும் இதே கதைதான். சாறில் இருப்பது புளிப்பு மட்டுமே என்று சொல்லலாம். எலுமிச்சை என்று நாம் நினைக்கும் அந்த வாசம் தோலில் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. பழத்தைப் பிழிந்துவிட்டுத் தோலைக் குப்பையில் போடுகிறோம், பிறகு ஏன் கடை ஜூஸ் மாதிரி இருக்கிறது என்று கவலைப்படுகிறோம். நம்மூர் எலுமிச்சையின் தோல் மெல்லியது, கத்தியால் சீவ வராது. காய்கறித் துருவியின் பொடிக் கண்ணில், மஞ்சளும் பச்சையுமான மேல்தோலை மட்டும் லேசாகத் துருவிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

நான் இப்போது செய்யும் முறை இது. ஐந்து எலுமிச்சை, ஒரு கமலா ஆரஞ்சு. ஆறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி (பளபளவென்று இருக்கும் பழங்களில் மெழுகு பூசியிருப்பார்கள்), தோலைத் துருவி 100 கிராம் சர்க்கரையோடு சேர்த்து விரலால் ஒரு நிமிடம் பிசைந்து, மூடி நாலைந்து மணி நேரம் வைத்துவிடுவேன். சர்க்கரை தோலிலிருந்து எண்ணெயை இழுத்து ஈர மணல் மாதிரி ஆகிவிடும். வெள்ளைக்காரர்கள் இதற்கு லத்தீனில் ‘ஓலியோ சாக்கரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எண்ணெய்ச் சர்க்கரை என்று அர்த்தம். நம் வீட்டில் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது, உப்புக்குப் பதில் சர்க்கரை, அவ்வளவுதான். அப்புறம் ஐந்து எலுமிச்சைகளையும் அதிலேயே பிழிந்து, சர்க்கரை கரையும்வரை கலக்கி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியது. அடுப்பே வேண்டாம், கொதிக்க வைத்தால் அந்தப் பச்சை வாசம் போய்விடும். தோல் உரித்த ஆரஞ்சை அப்போதே சாப்பிட்டுவிடுங்கள், அது சமையல்காரருக்கான கூலி.

ஒரு டம்ளருக்கு இந்தக் கரைசல் இரண்டு மேசைக்கரண்டி. பெரிய ஐஸ் கட்டிகள் மூன்று நாலு. சிறிய கட்டிகள் சீக்கிரம் உருகித் தண்ணியாக்கிவிடும். நன்றாகக் குளிர்ந்த சோடாவை ஓரமாகச் சாய்த்து ஊற்றி, நீளமான ஸ்பூனால் ஒரே ஒரு தடவை கீழிருந்து மேலே தூக்கிவிட வேண்டும். கடகடவென்று கலக்கினால் சோடாவின் குமிழ் எல்லாம் அங்கேயே போய்விடும். மேலே ரோஸ் வாட்டர். இதுதான் எங்கள் வீட்டுப் பன்னீர் சோடா. இதற்கு மட்டும் என் மனைவி இரண்டாவது டம்ளர் கேட்பாள்.

இதில் இன்னொன்று சேர்ப்பேன், அதுதான் ஜூஸிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். மதுவில் தொண்டையில் இறங்கும் ஒரு எரிச்சல் இருக்கும் என்கிறார்கள், அதனால்தான் பெரும்பாலும் அதை மெதுவாகக் குடிக்கிறார்கள். சர்க்கரையும் புளிப்பும் மட்டும் இருந்தால் நாம் தாகத்துக்குக் குடிப்பதுபோலக் குடித்துவிடுவோம். மெதுவாகக் குடிக்க வைக்க ஏதாவது ஒரு தடை வேண்டும். ஒன்றிரண்டாக இடித்த நாலு மிளகு, அல்லது ஒரு துண்டு இஞ்சியின் சாறு, அல்லது பால் சேர்க்காத ஆறின தேயிலைத் தண்ணீர் இரண்டு ஸ்பூன். தேயிலையின் துவர்ப்பு ரோஜாவோடு நன்றாகப் போகும். ஏதாவது ஒன்று போதும், மூன்றையும் போட்டால் அது கஷாயம். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் எதிலும் போடலாம்.

சரி, மல்லிகைக்கு வருவோம். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் முதல்நாளே திட்டம் போட வேண்டும்.

மல்லிகை மொட்டு சாயங்காலத்துக்கு மேல்தான் விரிய ஆரம்பிக்கும், வாசம் இரவில்தான் முழுதாக வரும். அந்த நேரத்தைத் தண்ணீரில் பிடித்து வைப்பதுதான் வேலை. வெள்ளிக்கிழமை மாலை, மாடித் தொட்டியில் நாளை பூக்கிற மொட்டை விட்டுவிட்டு இன்று விரியப்போகும் மொட்டாக இருபது பறித்து, காம்பைக் கிள்ளி, மெதுவாக அலசி, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்த அகலமான கிண்ணத்தில் மிதக்க விட்டு, தட்டு போட்டு மூடி வையுங்கள். காலையில் எழுந்ததும் பூவை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இதழ் பழுப்பாகி, வாசத்தில் ஒரு கனமான அழுகல் நெடி சேர்ந்துவிடும். தாய்லாந்தில் இனிப்புகளுக்கும் குடிதண்ணீருக்கும் இப்படித்தான் மல்லிகை மணம் ஏற்றுகிறார்கள். நாம் மதுரை மல்லி என்று புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம், ஆனால் தலையைத் தாண்டி அதை வேறெதற்கும் யோசிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கடையில் முழம் போட்டு விற்கும் பூவில் பூச்சிமருந்து இருக்கும், அலசினால் முழுதாகப் போகாது. வீட்டுத் தொட்டியில், மருந்து அடிக்காமல் வளர்ந்த பூ மட்டும்தான் வாய்க்கு. அது இல்லையென்றால் மல்லிகை டீத்தூள் வாங்கி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள், பரவாயில்லாமல் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று எந்தப் பூவையும் டம்ளரில் மிதக்க விடாதீர்கள். அரளி கடும் விஷம், நித்தியகல்யாணியும் ஆகாது. பெயர் உறுதியாகத் தெரியாத பூ என்றால் குவளைக்குப் பக்கத்தில் ஜாடியில் இருக்கட்டும்.

மல்லிகைத் தண்ணீர் மென்மையானது, எலுமிச்சை அதை அடித்துப் போட்டுவிடும். சாத்துக்குடிதான் சரியான ஜோடி. அரை டம்ளர் மல்லிகைத் தண்ணீர், கால் டம்ளர் சாத்துக்குடிச் சாறு, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு, ஐஸ். சோடா வேண்டாம். சாத்துக்குடியை மட்டும் கடைசி நிமிடத்தில் பிழியுங்கள். மதியமே பிழிந்து வைத்தால் மாலைக்குள் கசந்துவிடும். பழம் கெட்டது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பழத்தில் தவறில்லை. சாறு பிழிந்தபின் அதிலுள்ள ஒரு பொருள் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. உடனே குடித்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

சங்குப்பூவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கீழே யாராவது வந்து கேட்பீர்கள். நீலச் சங்குப்பூ எட்டை (காய்ந்தது என்றாலும் சரி) ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் மை மாதிரி நீலம் இறங்கும். எலுமிச்சைச் சாறு பட்டதும் அது ஊதாவாகி, இன்னும் விட்டால் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். அதிலிருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் வகை. டம்ளரின் அடியில் மேலே சொன்ன எலுமிச்சைக் கரைசல், அதன்மேல் ஐஸ், அதன்மேல் ஆறின நீலத் தண்ணீரை ஸ்பூன் முதுகில் பட்டு இறங்கும்படி மெதுவாக ஊற்றினால் இரண்டும் கலக்காமல் நிற்கும். சர்க்கரைக் கரைசல் கனம் என்பதால் அடியிலேயே இருக்கும். எதிரில் இருப்பவர் கலக்கும்போது நிறம் மாறும். வித்தை காட்ட நல்லது. ஆனால் உண்மையைச் சொன்னால், சங்குப்பூவுக்கு வாசமே கிடையாது, லேசாகப் பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு சுவை. நீலத்துக்குச் சங்குப்பூ, மணத்துக்கு இரண்டு ஸ்பூன் மல்லிகைத் தண்ணீர் என்று சேர்த்தால்தான் அது பானம். இல்லையென்றால் ஃபோட்டோ.

செம்பருத்தி எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. கொதிக்க விட்டால் கொழகொழப்பு வந்துவிடுகிறது. சுடுதண்ணீரை மேலே ஊற்றி மூடி வைத்தால் தப்பிக்கலாம், எலுமிச்சை விட்டதும் நல்ல சிவப்பு வரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளை, செம்பு டம்ளர்கள் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சையை ஊற்றக் கூடாது என்று பாட்டிகளுக்கே தெரியும். கண்ணாடியே நல்லது. ஒரு எலுமிச்சை இலையையோ நார்த்த இலையையோ உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி டம்ளர் விளிம்பில் தேய்த்துப் பாருங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வீடெல்லாம் வருமே, அந்த வாசம் லேசாக வரும். காசு செலவில்லாத அலங்காரம். கொறிக்க இனிப்பு எதுவும் வேண்டாம். மிளகு போட்டு வறுத்த முந்திரியோ, உப்பு தூவிய வெள்ளரியோ போதும்.

இதெல்லாவற்றையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை நான் அந்தத் தவறைச் செய்தேன். மூன்று பானம், அலங்காரம், ஐஸ் அச்சு என்று முக்கால் மணி நேரம் அடுப்படியில் நின்றுவிட்டுத் தட்டோடு மாடிக்குப் போனால், அவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தாள். ஒரு பானம், அதற்கான வேலை முழுதும் மதியமே முடிந்திருக்க வேண்டும். மாலையில் ஐஸ் போட்டு ஊற்றுவது மட்டும்தான் (சாத்துக்குடி என்றால் அதைப் பிழிவதும்) பாக்கி இருக்க வேண்டும்.

வேண்டுமானால் கடைசியாகச் சூடாக ஒன்று. துபாயில் வேலை பார்த்தபோது ஒரு லெபனான்காரர் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் வெறும் சுடுதண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர் வெள்ளைக் காபி, அவர்கள் மொழியில் ‘கஹ்வே பைதா’. காபி ஒரு துளி கூட இல்லை. கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூக்களைக் காய்ச்சி வடித்த ஆரஞ்சுப்பூ நீர் ஒரு ஸ்பூன், சுடுதண்ணீர், விருப்பப்பட்டால் சர்க்கரை. பூவும் ஆரஞ்சும் ஒரே துளியில் இருப்பது இதில்தான். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆன்லைனிலும் பாட்டில் கிடைக்கிறது, ஒன்று வாங்கினால் எங்களுக்கு வருடம் முழுக்க வருகிறது. பதினோரு மணிக்கு மேல், பேச்சு குறைந்து காற்று குளிர ஆரம்பிக்கும்போது இதைப் போட்டுக் கொண்டுபோவேன்.

மீதமான எலுமிச்சைக் கரைசல் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தாண்டியதில்லை. பாட்டி வீட்டிலிருந்து வந்ததும் சின்னவன் முதலில் திறப்பது ஃபிரிட்ஜைத்தான்.