நெத்திலியா இல்லையா? வாயைப் பாருங்க

கேள்வி: உடம்புல வெள்ளிக்கோடு இருக்கிற சின்ன மீன் எல்லாமே நெத்திலிதானா? ஒரு மீனை வச்சுகிட்டு நானும் தங்கச்சியும் அரைமணி நேரம் சண்டை போட்டோம், அவ மத்திக்குஞ்சுங்கிறா, நான் நெத்திலிங்கிறேன். யார் சொல்றது சரி?

பதில்: மீனைப் பாக்காம தீர்ப்பு சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்க கோட்டை வச்சு வாதாடியிருந்தா கேஸ் வீக்தான். சில்வர்சைடுன்னு ஒரு மீன் இருக்கு, அதுக்கும் அதே மாதிரி பளபளன்னு கோடு உண்டு, ஆனா அதுக்கு முதுகுல ரெண்டு துடுப்பு இருக்கும், முன்னாடி உள்ளதுல முள்ளும் இருக்கும். நெத்திலிக்கு முதுகுல ஒண்ணே ஒண்ணுதான், முள்ளே கிடையாது. அதோட ஐரோப்பிய நெத்திலிக்கெல்லாம் வயசாக வயசாக அந்தக் கோடே மங்கிப்போயிடும், செதிலும் லேசா தொட்டாலே உதிர்ற ரகம், அதனால கோட்டை நம்பி இறங்காதீங்க.

பாக்க வேண்டியது வாயை. மீனைப் பக்கவாட்டுல படுக்க வைங்க. நெத்திலியா இருந்தா மூக்கு உருண்டையா முன்னாடி துருத்திகிட்டு நிக்கும், கீழ்த்தாடை அதுக்கு அடியில உள்வாங்கி மோவாயே இல்லாத மூஞ்சி மாதிரி இருக்கும், வாய் கிழிசல் கண்ணைத் தாண்டி பின்னாடி வரைக்கும் போகும். திறந்து பாத்தா இவ்ளோ சின்ன மீனுக்கு இவ்ளோ பெரிய வாயான்னு தோணும். மத்திக்கு அப்படியில்ல, வாய் சின்னது, கண்ணுக்குக் கீழயே முடிஞ்சிடும், மூக்கும் துருத்தாது. தங்கச்சிகிட்ட இதைக் காட்டுங்க.

கேள்வி: நெத்திலிக்குள்ளயே நிறைய வகை இருக்காமே, எனக்கு எல்லாம் ஒண்ணா தெரியுது. மைக்ராஸ்கோப் இல்லாம பிரிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். குடும்பத்துல 140க்கு மேல இனம் இருக்கு, எல்லாத்தையும் கண்ணால பிரிக்கிறேன்னு யாராச்சும் சொன்னா நான் நம்பமாட்டேன், ஆனா எந்தப் பேரினம், அதாவது நெருங்கின இனங்கள் சேந்த எந்தக் கூட்டம்னு கண்டுபிடிக்க ஒரு நகமும் ஒரு லென்ஸும் போதும்.

மீனைக் கவுத்துப் பிடிச்சு, வயித்துத்துடுப்புலேர்ந்து தொண்டைப் பக்கமா நகத்தால மெதுவா வருடுங்க. ஊசி மாதிரி சின்னச் சின்ன முள்ளு நறுக் நறுக்குன்னு தட்டுதா? முனையெல்லாம் பின்னாடி பாத்து இருக்கிறதால தலையிலேர்ந்து வால் பக்கமா வருடினா ஒண்ணும் தெரியாது, இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. தட்டினா அது ஸ்டோலெஃபோரஸ், என்க்ராசிகோலினாங்கிற ரெண்டு பேரினத்துல ஒண்ணு. ஐரோப்பா, பெரு, ஜப்பான் பக்கத்து எங்ராலிஸ்ங்கிற பேரினத்துக்கு அந்த ஊசியே கிடையாது, வயிறு வழுவழுன்னு இருக்கும்.

இப்ப அந்த ரெண்டையும் பிரிக்கணும். மலத்துவாரத்துக்குப் பின்னாடி அடித்துடுப்புன்னு ஒண்ணு இருக்கே, அது முதுகுத்துடுப்புக்கு நேர் கீழயே ஆரம்பிச்சா ஸ்டோலெஃபோரஸ், முதுகுத்துடுப்பு முடிஞ்ச பிறகு ஆரம்பிச்சா என்க்ராசிகோலினா. துடுப்பு மடங்கிக் கிடந்தா ஊசியால தூக்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அவசரப்பட்டா தப்பாயிடும்.

அதுக்கு மேல இனம் வரைக்கும் போகணும்னா மேல்தாடை எலும்பு எங்க முடியுதுன்னு லென்ஸ்ல பாக்கணும். ஸ்டோலெஃபோரஸ் இண்டிகஸுக்கு செவுள் மூடிக்கு முன்னாடி கன்னத்துல உள்ள எலும்போட முன்விளிம்பு கிட்டயே நின்னுடும், ஸ்டோலெஃபோரஸ் கமர்சோனிக்கு அதே எலும்போட பின்விளிம்பு வரைக்கும் நீளும். வித்தியாசம் ஒரு நூலளவுதான்.

பொருவாவும் இதே குடும்பம்தான்ங்க. உடம்பு தட்டையா, வயிறு பூரா ரம்பம் மாதிரி இருக்கிறதால மத்தி கூட சேத்துடுறாங்க, ஆனா வாயைப் பாருங்க, அசல் நெத்திலி வாய். அதுல செட்டிரோஸ்ட்ரிஸ்னு ஒரு இனத்துக்கு மேல்தாடை எலும்பு தொங்கு மீசை மாதிரி பக்கத்துடுப்பையும் தாண்டி நீண்டு கிடக்கும், அதை ஒரு தடவை பாத்தா மறக்கவே மாட்டீங்க.

கேள்வி: வால் எலிவால் மாதிரி கூரா இருக்கு, இதையும் நெத்திலி சொந்தம்ங்கிறாங்க. கதை விடுறாங்களா?

பதில்: கதையில்ல, அது கோய்லியான்னு நெத்திலிக் குடும்பத்துல ஒரு பேரினம். அடித்துடுப்பு நீளமா ஓடி வாலோட போய்ச் சேந்துடும், பக்கத்துடுப்போட மேல் கதிரெல்லாம் நூல் நூலாத் தொங்கும். டுசுமியேரி இனமா இருந்தா வயித்தோரமா தங்கப்பொட்டு வரிசையா வச்ச மாதிரி இருக்கும், அதெல்லாம் ஒளி உறுப்பு, அதாவது வெளிச்சம் விடுற உறுப்பு.