2024-இன் ஆல்பங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

2024-இல் வந்த ஆங்கில ஆல்பங்களைப் பற்றிக் கேளுங்கள், ஜாஸ் முதல் மெட்டல் வரை தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘எது நம்பர் ஒன்?’ என்பதுதான். அதற்கு இங்கே பதில் கிடையாது. மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கோவை வாசகர்: எல்லா ஆல்பமும் வெள்ளிக்கிழமையே வருகிறதே, ஏன்? டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பம் மட்டும் நமக்குக் காலை ஒன்பதரை மணிக்கு வந்ததும் ஏன்?

2015 ஜூலை 10 முதல் வெள்ளிக்கிழமைதான் உலகப் பொது வெளியீட்டு நாள். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கொரு நாள் இருந்தது. ஒரு நாட்டில் வெளியான பாடல் மறுநாளே திருட்டுப் பிரதியாக அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வழக்கமாக அந்தந்த நாட்டு நள்ளிரவில் ஆல்பம் திறக்கும். ‘தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ ஏப்ரல் 19 அன்று நியூயார்க் நள்ளிரவுக்கு உலகெங்கும் ஒரே நேரத்தில் திறந்தது. அது நமக்குக் காலை 9.30. பதினாறு பாடல்களைக் கேட்டு முடித்து மூச்சு விடுவதற்குள் 11.30-க்கு இன்னும் பதினைந்து பாடல்கள் வந்து இறங்கின. முப்பத்தொன்றையும் ஒரே மூச்சில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தை மீறி டைலர் தி கிரியேட்டர் ‘குரோமகோப்பியா’வை அக்டோபர் 28, ஒரு திங்கட்கிழமை காலையில் வெளியிட்டார்.

திருச்சி வாசகி: ‘தி க்யூர்’ குழுவின் புதிய ஆல்பத்தைப் போட்டால் பாடலே தொடங்க மாட்டேன் என்கிறது. என் போனில் கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ‘ஸாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ நவம்பர் 1 அன்று வந்தது. அந்தக் குழுவிடமிருந்து பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பம். முதல் பாடலான ‘அலோன்’-இல் மூன்று நிமிடத்துக்கும் மேல் வெறும் இசைதான். டிரம்ஸ் கனமாக, அவசரமில்லாமல் விழுகிறது. கீபோர்டு அதன் மேல் அடுக்கடுக்காகப் படர்கிறது. இனி குரலே வராது என்று நீங்கள் முடிவு கட்டிய பிறகுதான் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். கடைசிப் பாடலான ‘எண்ட்சாங்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் குரல் வர ஆறு நிமிடம் ஆகிறது.

இதை இழுவை என்று சொல்பவர்களுக்கு ஒரு சோதனை. முன்னிசையைத் தள்ளிவிட்டுக் குரலிலிருந்து கேளுங்கள். சாதாரணமான சோகப் பாட்டு ஒன்று கிடைக்கும். பிறகு முழுதாகக் கேளுங்கள். அதே வரிகள், ஆனால் அவற்றைத் தாங்கிக்கொள்ளும் மனநிலைக்கு இதற்குள் வந்திருப்பீர்கள். மொத்தம் எட்டே பாடல்கள், ஐம்பது நிமிடம்கூட இல்லை. ஸ்மித் தம் அண்ணனைப் பறிகொடுத்த துயரைப் பாடும் ‘ஐ கேன் நெவர் ஸே குட்பை’ ஆறாவதாக வருகிறது. அதை முதலில் கேட்காதீர்கள். வரிசையைக் கலைக்கும் அந்த ஷஃபிள் பொத்தானை, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அணைத்துவிடுங்கள்.

சேலம் வாசகர்: ஐயா, சுருக்கமாக ஒன்று. நம்பர் ஒன் எது?

முதல் பத்தியைப் படிக்கவும்.

புதுச்சேரி வாசகர்: இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். புது ஆல்பங்களை முன்பதிவு செய்து வாங்கலாமா?

வேண்டாம். காரணம் சொல்கிறேன். பியோன்ஸேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ மார்ச் 29 அன்று வந்தது. முன்பதிவு செய்த ரசிகர்கள் தட்டைப் பிரித்துப் போட்டால் ‘யா யா’ உட்படச் சில பாடல்களே அதில் இல்லை. தட்டு அச்சாவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மூலப்பதிவைத் தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். பாடகரோ கடைசி நிமிடம் வரை திருத்திக்கொண்டிருப்பார். இணையத்தில் திருத்திய வடிவம் வரும், உங்கள் கையில் திருத்தாத வடிவம் இருக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை, வண்ண வண்ணமான பதிப்புகள். டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே எட்டரை லட்சத்துக்கும் மேல் இசைத்தட்டுகளாக விற்றது. அத்தனை பேரும் தனித்தனி ஆட்கள் என்று நினைக்காதீர்கள். பதிப்புக்கு ஒரு பாடலை மாற்றி வைத்தால் ஒரே ரசிகர் நான்கு வாங்குவார். தொகுப்பு முழுமை பெறாதே என்ற பயத்தை விற்கும் வியாபாரம் இது. ஆல்பம் வந்து ஆறு மாதம் போகட்டும். அப்போதும் கேட்கத் தோன்றினால் சாதாரணக் கறுப்புத் தட்டை வாங்குங்கள்.

சென்னை வாசகர்: கெண்ட்ரிக் லமாரின் ‘ஜி.என்.எக்ஸ்.’ ஆல்பத்தில் ‘நாட் லைக் அஸ்’ பாடலே இல்லையே. 2025 கிராமியில் பாடல் ஐந்து விருது வாங்கியது, ஆல்பத்துக்கு ஒன்றும் இல்லை. என்ன கணக்கு இது?

தேதிக் கணக்கு. அந்தக் கிராமிக்கு 2024 ஆகஸ்ட் 30 வரை வந்தவை மட்டுமே தகுதி பெற்றன. ‘நாட் லைக் அஸ்’ மே மாதம் தனிப்பாடலாக வந்துவிட்டது. ஆல்பம் முன்னறிவிப்பே இல்லாமல் நவம்பர் 22 அன்று வந்தது. ஊரே பாடிக்கொண்டிருந்த பாட்டைச் சேர்க்காமல் விட்டதுதான் அந்த ஆல்பத்தின் மிடுக்கு என்பேன். பன்னிரண்டு பாடல்கள், முக்கால் மணி நேரம். ராப் கேட்கப்போகிறோம் என்று உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது மரியாச்சி என்ற மெக்சிகோ மரபிசையைப் பாடும் டெய்ரா பரேராவின் ஸ்பானிஷ் குரல். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிகோ வம்சாவளியினர் எவ்வளவு பேர் என்பதை நினைத்தால் வியப்பு அடங்கிவிடும். ஆல்பத்தின் பெயர், 1987-இல் 547 மட்டுமே தயாரான ப்யூக் கார் ஒன்றின் பெயர்.

ஈரோடு வாசகர்: மெட்டல் என்றால் வெறும் கூச்சல்தானே?

பிளட் இன்கன்டேஷன் குழுவின் ‘ஆப்ஸல்யூட் எல்ஸ்வேர்’ கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தை ஒட்டிய இரண்டே இரண்டு நீண்ட ஆக்கங்கள். பெர்லினில் டேவிட் போவி பதிவு செய்த ஹன்ஸா ஸ்டூடியோவில் இவர்களும் பதிவு செய்தார்கள். உறுமலும் இடியுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தரை நழுவி, சின்தசைஸர் மட்டும் மிதக்கும் இடம் ஒன்று வரும். அங்கே டேஞ்சரின் டிரீம் என்ற ஜெர்மானிய மின்னணு இசைக் குழுவின் தார்ஸ்டன் குவெஷ்னிங் வாசிக்கிறார். உறுமல் பிடிக்காவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் கேட்கலாமா என்று அடுத்து யாரேனும் எழுதுவீர்கள். கூடாது.

மதுரை வாசகர்: ‘கவ்பாய் கார்ட்டர்’ கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) ஆல்பமே அல்ல என்கிறேன். பாப் பாடகி தொப்பி மாட்டிக்கொண்டால் கன்ட்ரி ஆகிவிடுமா?

அவரே இது கன்ட்ரி ஆல்பம் அல்ல, பியோன்ஸே ஆல்பம் என்று சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் கட்சிக்கு அவரே சாட்சி. ஆனால் தொப்பியை மட்டும் பார்த்துவிட்டீர்கள், பாஞ்சோவைக் கேட்கவில்லை. ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ பாடலின் தொடக்கத்தில் வரும் பாஞ்சோ ரியானன் கிடன்ஸ் வாசித்தது. அந்தத் தந்தி வாத்தியத்தின் வரலாற்றை ஊர் ஊராகச் சொல்லிவருபவர் அவர். மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்யும் அகோன்டிங் போன்ற கருவிகளின் வழித்தோன்றல் பாஞ்சோ. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு கரீபியன் தீவுகளுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் வந்தது. இன்று வெள்ளையர் கிராமிய இசையின் அடையாளமாக நிற்கிறது.

ஆல்பத்தின் நடுவே பேசும் முதிய பெண்குரல் லிண்டா மார்ட்டெலுடையது. 1969-இல் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண். அவருடைய ஒரே ஆல்பம் 1970-இல் வந்தது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’. பிளான்டேஷன் என்றால் தோட்டம். தோட்ட அடிமைகளின் வழிவந்தவரிடம் அந்தப் பெயரில் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள். கன்ட்ரியின் எல்லைகளைப் பற்றி அவரைப் பேசவைத்தது அலங்காரத்துக்கு அல்ல.

மதுரை வாசகர் மீண்டும்: வரலாறு சரி. ஆனால் 2024-இல் ஷபூஸிக்கு, கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் சி.எம்.ஏ. (கன்ட்ரி இசைச் சங்கம்) விருதுப் பரிந்துரை கிடைத்ததே. அவரும் கறுப்பினத்தவர்தான். பியோன்ஸேவுக்கு ஒன்றுகூடக் கிடைக்காததற்கு நிறத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

நல்ல அடி. ஷபூஸி ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பத்திலேயே பாடியிருக்கிறார். அவருடைய ‘எ பார் ஸாங்’ அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் பத்தொன்பது வாரம் முதலிடத்தில் இருந்து, 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின ராப் பாடகர் படைத்த சாதனையைச் சமன் செய்தது. லில் நாஸ் எக்ஸின் அந்தப் பாடலைக் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டில் ஏதோ இளகியிருக்கிறது.

ஆனால் உங்கள் வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சியை நீங்களே விட்டுவிட்டீர்கள்: போஸ்ட் மலோன். ராப்பிலிருந்து வந்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘எஃப்-1 ட்ரில்லியன்’ என்று கன்ட்ரி ஆல்பம் போட்டார், பரிந்துரைகள் தேடி வந்தன. அவர் நாஷ்வில்லுக்குப் போய், அங்குள்ள பெரிய பெயர்களையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடினார். பியோன்ஸே வாசலில் நின்று அனுமதி கேட்கவில்லை. கதவு யாருடையது என்று கேட்டார். என் கணிப்பில் சங்கத்தை உறுத்தியது அதுதான். நிறத்துக்கு அதில் பங்கே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2016-இல் அதே விருது மேடையில் அவர் பாடியபோது எழுந்த வசைகள் யாருக்கும் மறக்கவில்லை.

திருநெல்வேலி வாசகி: மதுரைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். கிராமி சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்று கொடுத்த பிறகும் என்ன வாதம்?

அம்மா, நான் யார் பக்கமும் இல்லை. விருது கொடுத்ததால் கன்ட்ரி ஆகிவிடாது, கொடுக்காததால் இல்லாமலும் போகாது. 2025 பிப்ரவரியில் அந்தப் பரிசு. ஜூனில் கிராமிக்காரர்கள் அந்தப் பிரிவையே மரபுக் கன்ட்ரி, சமகாலக் கன்ட்ரி என்று இரண்டாக்கிவிட்டார்கள். தற்செயலா இல்லையா என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

மதுரை, திருநெல்வேலி, இப்போது தஞ்சாவூரும்: (கேள்வியாக இல்லை, மூன்று பேரும் ஒருவரையொருவர் சாடியிருக்கிறார்கள்.)

ஒரே ஒரு கேள்வி. மூவரில் எத்தனை பேர் இருபத்தேழு தடங்களையும் வரிசையாகக் கேட்டீர்கள்? ‘பிளாக்பேர்ட்’ பாடலில் ஒலிக்கும் கிதார் 1968-இல் பால் மெக்கார்ட்னி வாசித்த அதே பதிவு. அவர் காலால் தாளம் தட்டும் ஓசைகூட இருக்கிறது. அதற்கு மேல் நான்கு இளம் கறுப்பினக் கன்ட்ரிப் பாடகிகள் பியோன்ஸேவுடன் சேர்ந்து பாடுகிறார்கள். கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள். இந்த விஷயம் இத்துடன் முடிந்தது.

விழுப்புரம் வாசகர்: புதிய இசைத்தட்டை முன்பதிவு செய்யலாமா?

புதுச்சேரிக்காரரிடம் கேளுங்கள், பக்கத்து ஊர்தானே.

நாகர்கோவில் வாசகர்: 2024 தமிழ்ப் படப் பாடல்களில் சிறந்தவை?

அதற்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் வாசகி: இந்தப் பட்டியலில் நம்மவர் யாரேனும் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரின் ‘கம்பேஷன்’ பிப்ரவரியில் வந்தது. பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. ஸ்டீவி வொண்டரின் பழைய காதல் பாட்டு ஒன்றை எடுத்து, மெட்டு கைக்குச் சிக்கியும் சிக்காமலும் போகும்படி வாசித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ நவம்பரில் வந்தது. ஹூஸ்டன் நகரில் பல கலைஞர்களைக் கூட்டி நடத்திய இசைச் சடங்கிலிருந்து உருவான ஆல்பம் இது. ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் பிரார்த்தனை நம் பஜனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கர்நாடகக் கச்சேரியின் சுத்தத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கரூர் வாசகர்: நம்பர் ஒன் எது என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?

சொல்லப்போவதும் இல்லை.

வேலூர் வாசகி: ‘பிராட்’ ஆல்பத்துக்கு ஏன் அவ்வளவு பேச்சு? அட்டையில் படம்கூட இல்லை.

கண்ணை உறுத்தும் பச்சையில் நான்கு எழுத்து மட்டும். பாடகியின் முகம் கட்டாயம் இருந்தாக வேண்டுமா என்பதே சார்லி எக்ஸ்.ஸி.எக்ஸ். கேட்ட கேள்வி. நடன இசைதான், ஆனால் நடுநடுவே பொறாமையையும் தாய்மை குறித்த தயக்கத்தையும் ஒளிக்காமல் பாடுகிறார். அக்டோபரில் பாடல்களை வேறு கலைஞர்களோடு மாற்றி அமைத்து இன்னொரு பதிப்பு போட்டார். அதைப் பிறகு கேளுங்கள். மூலம் தெரியாமல் அதன் குறும்பு புரியாது.

திண்டுக்கல் வாசகர்: என் மகன் டிரம்ஸ் கற்கிறான். இவற்றில் அவனுக்கு எதைக் கொடுக்கலாம்?

‘கம்பேஷன்’. டைஷான் சோரி அதே ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர், அதுவும் இசையமைப்பாளராக. வேகம் அவரிடம் நிறைய இருக்கிறது. எங்கே அடிக்காமல் விடுகிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஹெட்போன் வேண்டாம், அறையில் ஸ்பீக்கரில் போடுங்கள். சிம்பலின் ஓசை அடங்கும் நேரத்தையும் கவனிக்கட்டும்.