முதல் வாட்டர் கூலிங் பிசி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதன்முறையாக வாட்டர் கூலிங் பிசி கட்டப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பல பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்: கட்டும்போதே கழற்றப்போகும் நாளையும் மனதில் வைத்துக் கட்ட வேண்டும்.

கேள்வி: சார், கேமிங்குக்காகப் புது பிசி கட்டுகிறேன். பிராசஸர் ரைசன் 7 7800எக்ஸ்3டி. இதற்குக் கஸ்டம் லூப் தேவையா?

கஸ்டம் லூப் என்றால் பம்ப், தண்ணீர்த் தொட்டி, ரேடியேட்டர், டியூப், சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகப் பிளாக் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது. பிராசஸருக்காக மட்டும் என்றால் அது தேவையில்லை. அதன் டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் அளவு, 120 வாட். கேம் ஓடும்போது அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் இழுக்கும். இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று அதைச் சுலபமாகச் சமாளித்துவிடும். கூலரை மாற்றினால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) எகிறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

கஸ்டம் லூப்பின் பலன் தெரிவது கிராபிக்ஸ் கார்டில்தான். ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் 450 வாட், 5090 என்றால் 575 வாட். இவ்வளவு சூட்டையும் கார்டோடு வரும் ஃபேன்கள் கேஸுக்குள்ளேயே கொட்டுகின்றன. தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய ரேடியேட்டரில் பரப்பிவிடுகிறது. ஃபேன்கள் நிதானமாகச் சுற்றினாலே போதும், அறை அமைதியாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கையால் கட்டுகிற சந்தோஷம். அதற்காகக் கட்டுகிறேன் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். நானும் அதற்காகத்தான் தொடங்கினேன்.

கேள்வி: கோர் ஐ9-14900கே, ஆர்டிஎக்ஸ் 4090 இரண்டையும் ஒரே லூப்பில் போட ஆசை. கேஸின் மேல்பக்கம் ஒரு 360 ரேடியேட்டர் பிடிக்கும். போதுமா?

ஓடும், ஆனால் சத்தம் போடும். கணக்கைப் பார்க்கலாம்.

அந்த பிராசஸர் உச்சத்தில் 253 வாட், கார்டு 450 வாட். இரண்டும் சேர்ந்தால் 700 வாட்டைத் தாண்டுகிறது. கேமில் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை என்பதால் 550 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஃபேனை மிதமான வேகத்தில் ஓட்டினால், ரேடியேட்டரில் ஒவ்வொரு 120 மி.மீ. பகுதியும் சுமார் 100 வாட்டை வெளியேற்றும், அப்போது தண்ணீர் அறையின் சூட்டைவிட 10 டிகிரி அதிகமாக நிற்கும் என்பது நாங்கள் எல்லோரும் போடுகிற தோராயக் கணக்கு. 360 என்பது மூன்று பகுதி, அதாவது 300 வாட். மிச்சம் 250 வாட்டுக்கு வழி? ஒன்று ஃபேன் வேகத்தை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் இன்னும் சூடாக வேண்டும். அறை 32 டிகிரி என்றால் தண்ணீர் 50-ஐத் தொட்டுவிடும். பெரும்பாலான பம்புகளும் டியூப்களும் 60 டிகிரிக்குள் வேலை செய்யவே தயாரிக்கப்பட்டவை. விளிம்பில் நின்றுகொண்டு ஏன் ஓட்ட வேண்டும்? இந்த இரண்டு பாகத்துக்கும் குறைந்தது இரண்டு 360 வையுங்கள். கேஸில் இடமில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது கேஸைத்தான்.

இடத்தை அளக்கும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். 360 என்பது மூன்று ஃபேன்களின் அளவு. ரேடியேட்டரின் இரு முனைகளிலும் உள்ள தொட்டிப் பகுதியைச் சேர்த்தால் நீளம் 400 மி.மீ.-க்குப் பக்கத்தில் வரும். கனம் ரேடியேட்டர் 30, ஃபேன் 25, ஆக 55 மி.மீ. மேல்பக்கம் மாட்டினால் இந்த 55 ரேமின் தலையிலோ பிராசஸருக்கு வரும் பவர் கேபிளின் மேலோ இடிக்க வாய்ப்புண்டு. நான் எப்போதும் ரேடியேட்டர், ஃபேன் இரண்டின் முழு அளவுக்கும் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, கேஸுக்குள் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போடுவேன். படத்தில் அளவு பார்ப்பதற்கும் அந்த அட்டையை உள்ளே நுழைக்க முயல்வதற்கும் நிறைய வித்தியாசம். பாதி நேரம் அட்டை உள்ளே போகாது.

கேள்வி: பிராசஸர், ரேடியேட்டர், கார்டு, ரேடியேட்டர் என்று மாற்றி மாற்றித்தான் இணைக்க வேண்டுமா? கார்டிலிருந்து வரும் சூடான தண்ணீர் பிராசஸருக்குப் போகாதா?

போகும். ஆனால் "சூடான" என்பது எவ்வளவு? நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்றால் நொடிக்குச் சுமார் 67 கிராம் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். 450 வாட் கார்டைக் கடந்து வெளியே வரும் தண்ணீர் உள்ளே போனதைவிட 1.6 டிகிரி மட்டுமே கூடியிருக்கும். லூப் முழுவதும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் எந்த வரிசையில் டியூப் குறைவாகவும் வளைவு குறைவாகவும் வருகிறதோ அதுவே நல்ல வரிசை.

ஒரே ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது. தொட்டியிலிருந்து நேரே பம்புக்குத் தண்ணீர் இறங்க வேண்டும், தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். டி5 மாதிரியான பம்புகளின் பேரிங்குக்கு உள்ளே ஓடும் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே கெட்டுவிடும்.

கேள்வி: வளைத்த கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் ஹார்ட் டியூப் பார்க்க அழகாக இருக்கிறது. முதல் முறையே அதில் இறங்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் லூப்பில் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்ட வேண்டி வரும், அது நிச்சயம். சாஃப்ட் டியூப் என்றால் வெட்டி மாட்டிவிடலாம். ஹார்ட் டியூபில் ஒரு பாகம் 3 மி.மீ. நகர்ந்தாலும் அந்தத் துண்டை மறுபடி வளைக்க வேண்டும்.

சாஃப்ட் டியூபிலும் ஒளி ஊடுருவும் பிவிசி ரகத்தில் நாளாக நாளாக ஒரு பொருள் கசிந்து, பிளாக்குக்குள் மங்கலான படலமாகப் படியும். இபிடிஎம் ரப்பர் கறுப்பாக, தடிமனாக இருக்கும், அழகில் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் அந்தத் தொல்லை இல்லை. என் பிசியில் அதுதான் ஓடுகிறது. அளவை மட்டும் சரிபாருங்கள்: 10/16 டியூபுக்கு, அதைப் பாகங்களோடு பூட்டும் ஃபிட்டிங்கும் 10/16. 10/13 ஃபிட்டிங்கில் 10/16 டியூப் பொருந்தாது. முதல் எண் உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம். பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் திருகும் மரை பெரும்பாலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான், அதில் குழப்பமில்லை.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் போதுமா? வீட்டில் கார் கூலன்ட் மிச்சம் இருக்கிறது, அதைக் கலக்கலாமா?

கார் கூலன்ட் வேண்டாம். இன்ஜினுக்கான கலவை அது. உறையாமல் காக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் அதிகம், தண்ணீரைவிடச் சூட்டைக் குறைவாகச் சுமக்கும், அக்ரிலிக் பாகங்களை மனதில் வைத்துத் தயாரித்ததும் அல்ல. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கும் வீட்டில் திறந்த பாட்டிலாக எங்கும் வைக்காதீர்கள்.

வெறும் டிஸ்டில்டு வாட்டர் சூட்டைச் சுமப்பதில் மிகச் சிறந்தது. ஆனால் பாசியைத் தடுக்கவும் அரிப்பைத் தடுக்கவும் அதில் எதுவும் இல்லை. அதற்கான மருந்தைச் சேர்க்க வேண்டும், அல்லது பிசிக்கென்றே கலந்து வரும் தெளிவான கூலன்ட் வாங்க வேண்டும். பால் மாதிரி வெண்மையாகவும் மின்னும் துகள்களோடும் வருகிற ரகங்கள் கண்ணுக்கு விருந்து, ஆனால் அந்தத் துகள்கள் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். தினம் ஓடும் மெஷினுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் கடத்தாத திரவம் என்று சொல்லி விற்பதையும் முழுதாக நம்பி இருக்காதீர்கள். லூப்பில் சில வாரம் சுற்றினால் உலோகத்திலிருந்து அயனிகளை எடுத்துக்கொண்டு அதுவும் கடத்தத் தொடங்கும்.

எந்தத் திரவம் என்பதைவிட முக்கியமான கேள்வி, லூப்பில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்பது. இதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் முதல் லூப்பில் பிளாக் செம்பு, ரேடியேட்டர் மலிவாகக் கிடைத்த ஒன்று. பெட்டியில் என்ன உலோகம் என்று எழுதியிருக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. பத்து மாதம் கழித்துப் பிராசஸர் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது. பிளாக்கைத் திறந்தேன். தலைமுடி அகலப் பள்ளங்கள் எல்லாவற்றிலும் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு களிம்பு. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. ரேடியேட்டர் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் தொடர்பில் இருந்தால் ஒரு பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மூன்றும் சேர்ந்து வாழும். அலுமினியத்தை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. வாங்குமுன் விற்பவரிடம் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புது ரேடியேட்டரின் உள்ளே பற்றவைத்தபோது தங்கிய கசடு இருக்கும். மாட்டுமுன் சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கி, வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டுக்குப் பிளாக் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சிப்பின் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஒரே 4090-ஐப் பல கம்பெனிகள் வெவ்வேறு சர்க்யூட் போர்டில் போடுகின்றன, ஒன்றுக்கான பிளாக் இன்னொன்றில் உட்காராது. கார்டின் முழு மாடல் எண்ணைப் பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடுங்கள். பிளாக் மெமரி சிப்களையும் மின்சாரம் சீராக்கும் பகுதியையும் மூடுகிறதா என்று பாருங்கள். சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்த வைக்கும் மெத்தென்ற தெர்மல் பேட்டின் கனம் கையேட்டில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படியே: 1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் சிப்பில் சரியாக உட்காராது. ஒரிஜினல் கூலரையும் அதன் திருகுகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். கார்டை வாரன்டிக்கு அனுப்பவோ விற்கவோ அவை வேண்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றவே பயமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

இந்தப் பயம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் காற்று. அழுத்தமானி உள்ள கைப்பம்ப் வாங்கி, லூப்பைக் காலியாகவே வைத்து 0.5 பார் அளவுக்குக் காற்றேற்றுங்கள். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. இறங்கினால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி ஒரு ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) தான்: பிதுங்கி வெளியே ஒரு ஓரம் தெரியும், அல்லது மாட்டவே மறந்திருப்போம். ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும்.

பிறகு தண்ணீர். பவர் சப்ளையிலிருந்து பம்புக்கு மட்டும் இணைப்பு, மற்ற எல்லாக் கேபிளும் கழற்றியிருக்க வேண்டும். போர்டு இணைக்காமலே பவர் சப்ளையை ஆன் செய்ய, அதன் 24 பின் கனெக்டரில் போடும் ஜம்பர் பிளக் ஒன்று கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்ப்பது பழைய முறை, ஆனால் இப்போது எல்லா வயரும் கறுப்பாக வருவதால் எண்ணுவதில் தப்பு நேரும். தொட்டியை நிரப்பிப் பம்பை இரண்டு, மூன்று நொடி ஓடவிட்டு நிறுத்துங்கள். தொட்டி காலியாகுமுன் நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். மறுபடி நிரப்பி, மறுபடி ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் தீர கேஸை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். கசிவு எப்போதும் பீய்ச்சி அடிக்காது. ஃபிட்டிங்கின் கீழ் விளிம்பில் கடுகளவு ஒரு துளி சேரும், மணிக்கணக்கில் அப்படியே தொங்கும், பிறகுதான் விழும். கண்ணில் படாத அந்தத் துளியை டிஷ்யூ வட்டக் கறையாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நாள் முழுவதும் ஓடட்டும். நடுவில் போர்டில் துளி விழுந்தாலும் போர்டில் மின்சாரம் இல்லாததால் பதற வேண்டாம். துடைத்து, நன்றாகக் காயவிட்டுத் தொடருங்கள். அக்ரிலிக் பாகங்களை மட்டும் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், விரிசல் விழும்.

கேள்வி: கஸ்டம் லூப் இல்லை, எல்லாம் இணைத்தே வரும் ரெடிமேட் வாட்டர் கூலரான ஏஐஓதான் வைத்திருக்கிறேன். ஆன் செய்ததும் கொடகொடவென்று சத்தம் வருகிறது.

பம்புக்குள் காற்று. லூப்பில் காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். ரேடியேட்டரைக் கீழே மாட்டியிருந்தால் அந்த உயரமான இடம் பிராசஸர் மேல் உள்ள பம்ப்தான். ரேடியேட்டரை மேல்பக்கம் மாற்றுங்கள். பக்கவாட்டில்தான் இடம் என்றால் அதன் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஃபேன் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருக்கிறது.

பிராசஸர் சூட்டை வைத்து ஃபேனை ஓட்டுகிறீர்கள். அது நொடிக்கு நொடி மாறும், தண்ணீர் நிமிடக்கணக்கில்தான் மாறும். தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்றை லூப்பில் போட்டு, அதை வைத்து ஃபேனை ஓட்டுங்கள். பம்ப் ஒரே வேகத்தில் ஓடட்டும்.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்? எப்படி வடிப்பது?

வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நடுவில் நிறம் மாறினாலோ கலங்கினாலோ உடனே. எப்படி வடிப்பது என்பது இப்போது, பாகங்களை ஆர்டர் போடுமுன், கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தான் இதை அனுப்பியவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். லூப்பின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டி-ஃபிட்டிங் போட்டு, அதில் ஒரு சின்ன பால் வால்வும் அதற்கு ஒரு மூடியும் வையுங்கள். கேஸைத் தூக்காமல் கை எட்டும் இடமாக இருக்கட்டும். கார்டைக் கழற்றாமல் வடிக்க முடியாத லூப்பை யாரும் நேரத்துக்குச் சுத்தம் செய்வதில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மூன்று வருடம் ஆகிவிடும்.

வடிக்கும்போது வால்வில் ஒரு துண்டு டியூப் மாட்டிப் பாத்திரத்தில் விடுங்கள், தொட்டியின் மேல் மூடியையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று நுழைய வழியில்லாவிட்டால் ஸ்ட்ராவின் மேல் முனையை விரலால் அடைத்ததுபோல் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். வால்வில் ஏதோ அடைப்பு என்று நினைத்துக் கழற்றினீர்களானால் அந்த நேரம் பார்த்து மொத்தமாக இறங்கும். ரேடியேட்டருக்குள் எப்போதும் ஒரு டம்ளர் அளவாவது தங்கும், கேஸை இரண்டு பக்கமும் சாய்த்து அதையும் எடுத்துவிட்டுத்தான் ஃபிட்டிங்கைத் திருக வேண்டும்.