மேசைமேல் ஒரே விளக்கு: நிழலை எப்படி அமைப்பது?

கேள்வி: பித்தளைச் செம்பு, பூண்டு, கண்ணாடி டம்ளர் என்று வீட்டில் இருப்பதை மேசையில் வைத்துச் செல்போனில் படம் எடுத்துப் பழகுகிறேன். டியூப்லைட்டோடு டேபிள் லேம்ப்பையும் போட்டுக்கொள்கிறேன். வெளிச்சம் தாராளமாக இருந்தும் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. லைட் செட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். லேம்ப் உண்டாக்கும் நிழலை அதுதான் அழித்துவிடுகிறது. நிழல் போனால் பொருளின் உருண்டையும் மேடுபள்ளமும் போய்விடும். நிறமும் கெடும்: ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். வழக்கமான வெள்ளை டியூப் 6500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 கெல்வின் என்றால், ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டுவதை) எதற்குச் சரிசெய்வது என்று போன் தடுமாறும்.

இருட்டறையில் லேம்ப்பை மட்டும் கையில் எடுத்து, பூண்டைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். போனை இன்னும் தொட வேண்டாம். நிழல் எங்கே விழுகிறது, எவ்வளவு நீள்கிறது என்று மட்டும் பாருங்கள். விளக்கு 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழலும் பொருளின் உயரமும் சமம். 30 டிகிரிக்கு இறக்கினால் நிழல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பூண்டுத் தோலின் வரிகள் அப்போதுதான் எழுந்து நிற்கும். கேமரா பக்கமிருந்து நேராக அடிக்கும் ஒளியில் அவை தெரியவே தெரியாது.

புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928-ல் பாரிஸில் எடுத்த முள்கரண்டிப் படத்தைத் தேடிப் பாருங்கள். பாத்திரத்தின் விளிம்பில் சாய்ந்திருக்கும் ஒரு முள்கரண்டி, அவற்றின் நிழல், அவ்வளவுதான். நிழலுக்கும் பொருளுக்குச் சமமான இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியாது.

நிழலின் ஓரம் கூர்மையாக வேண்டுமா, மென்மையாக வேண்டுமா என்பது அடுத்த முடிவு. பொருளிலிருந்து பார்க்க ஒளி சிறியதாக இருந்தால் ஓரம் கூர்மை, பெரியதாக இருந்தால் மென்மை. இன்னொரு போனின் டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் கத்தி வெட்டியது போல நிழல் விழும். அந்த ஒளியை இடியாப்பத் தட்டு வழியாக விட்டால் மேசை முழுக்கப் புள்ளிக்கோலம்! தட்டைப் பொருளுக்கு அருகே கொண்டுவந்தால் புள்ளிகள் தெளியும், டார்ச் பக்கம் நகர்த்தினால் கலங்கும். மென்மை வேண்டுமென்றால் லேம்ப்புக்கும் பொருளுக்கும் நடுவே பெரிய பட்டர் பேப்பரைத் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். சூடாகும் பல்பை மட்டும் பேப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நிழல் ரொம்பக் கறுத்துப்போனால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் நிறுத்தினால் போதும், இரண்டாவது விளக்கு வேண்டாம்.

பித்தளைச் செம்புதான் சிரமம். அது வளைந்த கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். வெறும் பல்பு என்றால் கண்ணைக் குத்தும் ஒரு வெள்ளைப் பொட்டு. பட்டர் பேப்பரைச் செம்புக்கு மிக அருகில் வையுங்கள். அந்தப் பொட்டு நீண்ட, அழகான ஒளிக்கீற்றாக மாறும். மறுபக்கம் ஒரு கறுப்புச் சார்ட் வைத்தால் செம்பின் விளிம்பு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். உங்கள் முகமும் செம்பில் தெரியும் என்பதால், கறுப்புச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் பின்னாலிருந்து எடுங்கள்.

போனைப் பொறுத்தவரை, புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து 2 வினாடி டைமர் போடுங்கள். பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் இருட்டைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அளவுகளை நாமே மாற்றும் புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓவை (ஒளிக்குப் போன் காட்டும் உணர்திறனை) 100-ல் வையுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் அது எல்இடி சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை (ஒளி பதியும் நேரத்தை) 1/50 அல்லது 1/25 வினாடிக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கண்ணாடி டம்ளர். அதற்கு முன்னாலிருந்து ஒளி கொடுக்காதீர்கள். பட்டர் பேப்பரை டம்ளருக்குப் பின்னால் நிறுத்தி, அதற்கும் பின்னால் லேம்ப்பை வையுங்கள். டம்ளரின் இரு பக்கமும், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே, கறுப்புச் சார்ட் துண்டு ஒவ்வொன்று. கண்ணாடியின் ஓரங்கள் மையில் வரைந்த கோடு போல வரும்.