அண்ணனிடம் கணக்கு கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய அடுக்குமாடியில், நான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, படியேற முடிவதில்லை. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்று முடிவு செய்து, இரண்டு வருடமாக ஆளுக்கு மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) அண்ணன் கணக்கில் போடுகிறோம். 35,000 சேர்ந்தால் முன்பணத்துக்குப் போதும் என்கிறார் அண்ணன். அவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறார். தம்பி கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார், ஏழு மாதமாகக் கட்டவில்லை. அண்ணிக்குத் தெரிந்த ஒருவர் கூட்டு (சீட்டு) நடத்துகிறாராம், அதில் போட்டால் சீக்கிரம் கைக்கு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று போன வாரம் கேட்டேன். "கூடப் பிறந்தவனிடமே கணக்கு கேட்கிறாயா" என்று அம்மா அழுதுவிட்டார். வீடு அண்ணன் பெயரில்தான் இருக்கும், கட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு எதற்குப் பெயர் என்றும் சொன்னார். இனிமேல் ஒரு காசும் கட்டாதே என்கிறார் என் கணவர். நான் கேட்டது தப்பா?

- ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தப்பே இல்லை, சகோதரி. இரண்டு வருடம் கழித்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் மாதமே கேட்டிருந்தால் அம்மா அழுதிருக்க மாட்டார். கணக்குச் சொல்வது அப்போதே வீட்டு வழக்கமாகியிருக்கும். இத்தனை நாள் யாரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது ஒருவர் கேட்பதால்தான் அது சந்தேகம் போலத் தெரிகிறது.

உங்கள் பணம் மட்டும் 7,200 வெள்ளி போயிருக்கிறது. நான்கு பேரும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் 28,800 இருக்க வேண்டும். தம்பியின் ஏழு மாதத்தைக் கழித்தால் 26,700. இந்தத் தொகை இப்போது எந்த வங்கியில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று உங்களில் மூன்று பேருக்குத் தெரியாது. அண்ணன் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நல்லவருக்கும் நெஞ்சு வலி வரும். நல்லவரும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்.

அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அவர் பெயரில் உள்ள பணம் அவருடைய சொத்து. நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படிதான் பங்கு பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அதில் முக்கால்வாசி எங்கள் பணம் என்று நீங்கள் மூவரும் போய் நின்றால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அண்ணன் குழந்தைகளுக்கு எதிராக அத்தையும் சித்தப்பாவும் வழக்குப் பேசும் நிலை வரும். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். நீங்கள் கணக்கு கேட்பது அண்ணன் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான்.

சொந்தத்துக்குள் கணக்கு பார்ப்பது நம் வழக்கம் இல்லை என்று யார் சொன்னது? உங்கள் தீவிலேயே பினாங்குத் தெருவில் கிட்டங்கி என்ற கடைக் கட்டடங்களில் உட்கார்ந்து நகரத்தார் வட்டித் தொழில் செய்தார்கள். கடைக்கு ஏஜெண்டாக வந்தவர்கள் பெரும்பாலும் பங்காளி, மாப்பிள்ளை, மைத்துனர் வகைதான். அன்றன்றைக்குப் பற்று வரவு எழுதி, ஐந்தொகை போட்டு, ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்பியாக வேண்டும். மாமன் மகன் என்பதால் யாருக்கும் அதிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. அதனால் உறவும் முறியவில்லை. அடுத்த தலைமுறைக்கும் அவர்கள் அப்படியே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள்.

நகரத்தார் பணக்காரர்கள், நமக்கு அதெல்லாம் எதற்கு என்று அம்மா சொல்லலாம். அப்படியானால் தோட்டத்துக் கதையைச் சொல்லுங்கள், அது நம் எல்லோர் வீட்டுக் கதை. சுதந்திரம் கிடைத்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். வேலையும் போய், இருந்த லயத்து வீடும் போய், நம் ஆட்கள் தெருவில் நின்றார்கள். அப்போதுதான் 1960இல், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பங்குப் பணமாகப் பத்து வெள்ளி கட்டுங்கள் என்று பால்மரம் சீவுகிறவர்களிடம் கேட்டார். அன்றைய தோட்டச் சம்பளத்தில் பத்து வெள்ளி சும்மா வராது. ஆனாலும் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் வந்தன.

சம்பந்தன் மீது அந்த மக்கள் வைத்திருந்த நம்பிக்கை சாதாரணமானது இல்லை. உங்கள் அம்மாவையே கேட்டுப் பாருங்கள், அவர் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று. அவ்வளவு நம்பியும், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று யாரும் அவர் கையில் பணத்தைக் கொடுக்கவில்லை. அவரும் தன் பெயரில் வாங்கி வைக்கவில்லை. கட்டியவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் உறுப்பினர் ஆனார்கள், அவரவர் பெயரில் பங்கு இருந்தது. தலைவர் போனாலும் சங்கம் நிலைத்தது, அவர் 1979இல் மறைந்த பிறகும் நிலைத்தது. இதைத்தான் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறேன்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்த 555 நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். தேதி, பெயர், கட்டிய தொகை, கட்டியவர் சுருக்கக் கையெழுத்து. பக்கத்தின் அடியில் அன்றைக்கு வங்கியில் உள்ள மொத்தம். கட்டாதவர் பெயருக்கு நேரே சுழியம் போடுங்கள், கோடு கிழித்து மழுப்பாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்ற காசில் அம்மா ஐம்பது வெள்ளி கொடுத்தால் அதையும் அவர் பெயரில் எழுத வேண்டும். தன் பெயரும் அந்தப் பக்கத்தில் ஏறுகிறது என்றால் அம்மாவே முதல் ஆளாகப் புத்தகத்தை எடுத்து வைப்பார் என்று நினைக்கிறேன். பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் மாதம் ஒரு முறை அதுவும் வரட்டும்.

பணத்தை அண்ணன் கணக்கிலிருந்து கூட்டுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அண்ணன் பெயரும் உங்கள் பெயரும், இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு. ஒருவர் இறந்தால் அந்தக் கணக்கு என்னவாகும் என்பதைத் திறக்கும்போதே வங்கியில் கேட்டு, நான்கு பேருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அண்ணியின் யோசனைக்கு ஒரே பதில்தான், வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டிலிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. கூட்டு நடத்துகிறவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் யாரிடம் போவீர்கள்?

அப்புறம் அந்த 35,000. இதை அண்ணனிடம் மரியாதையாக, ஆனால் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பேசுங்கள். 350,000 வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு என்று கணக்குப் போட்டிருக்கிறார் போலும். அது முன்பணம் மட்டும். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, மீதி இரண்டரை லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு, ஆக 6,000. மீதி 315,000க்குக் கடன் எடுத்தால் கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,575. வக்கீல் கட்டணம் தனி. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரிச் சலுகை உண்டு, உங்களில் யாருக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்று வைத்துத் திட்டமிடுவதுதான் பத்திரம். அப்படியானால் நீங்கள் சேர்க்க வேண்டியது 35,000 இல்லை, 45,000க்கும் மேலே. இந்தத் தொகை எல்லோருக்கும் தெரிந்திருந்தால் கூட்டில் போட்டு அவசரப்படலாமா என்ற பேச்சே வந்திருக்காது.

இனி, நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கும் விஷயம். எனக்கு அதுதான் முதல் விஷயம். கட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு எதற்குப் பெயர் என்றால், கட்டிக்கொண்டு போன பெண்ணிடம் எதற்கு மாதம் 300 வெள்ளி? வாங்கும்போது நான்கு பிள்ளைகள், எழுதும்போது ஒரே பிள்ளையா? இதில் உங்கள் அம்மா மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அவர் பிறந்த வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் உங்கள் காலத்திலும் இப்படியே நடக்க விடக் கூடாது.

பெயர் என்பது வெறும் மானப் பிரச்சினையும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை அந்த வீட்டுக்கு எடுக்க முடியாது. 2024 மே மாதத்திலிருந்து நம் சந்தாவில் 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்குப் போகிறது, வீட்டுக்கு எடுப்பது அதிலிருந்துதான். ஒப்பந்தத்தில் பெயர் சேருகிறவர்களுடைய அந்தக் கணக்குகளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு வருடச் சேமிப்பைவிட அங்கே அதிகம் கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

பெயர் போடுவதற்கு விலையும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு, உங்கள் பங்குக்கு மட்டும் என்று வங்கி பார்க்காது. ஒருவர் தவணை தவறினால் பேங்க் நெகாராவின் (மத்திய வங்கியின்) சிசிரிஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் அது ஏறும். நாளைக்கு உங்கள் கணவரும் நீங்களும் சொந்தமாக வீடு வாங்கப் போனால் இந்தக் கடனையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் நான்கு பேரும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருமானம் நிலையாக இருக்கிற இரண்டு பேர் கடன் எடுக்கட்டும். மற்ற இருவரின் பங்கு என்ன என்பதை வக்கீல் முன்னால் உடன்படிக்கையாக எழுதிக்கொள்ளுங்கள். கிரானில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) பெயர் ஏறுகிறவர்களுக்கு எத்தனை பாகம் என்பதையும் அதிலேயே பதிவு செய்யலாம். அப்பா அம்மா உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்ற வரி உடன்படிக்கையில் கட்டாயம் இருக்கட்டும். இந்த வீடு அவர்களுக்காகத்தானே?

தம்பி கிராப் ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் தவணை, பெட்ரோல் போக எந்த மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று அவருக்கே தெரியாது. அவரிடமும் 300, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் அண்ணனிடமும் 300 என்று வைத்ததே சரியில்லை. கட்ட முடியாத ஆள் முதல் மாதம் சாக்குச் சொல்வார், மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார், அப்புறம் பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வர மாட்டார். பல குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும். நூறு முடியுமா, நூறு கட்டட்டும். பங்கும் அதற்கு ஏற்றபடி குறையட்டும். பணம் குறைவாகத் தருகிறவர் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருகிறவராக இருக்கலாம். அதையும் மற்ற மூவரும் மதிக்க வேண்டும். ஆனால் முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள். ஏழு மாதமாக அவரை யாராவது "என்னடா ஆச்சு" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதை நிறுத்துங்கள். சேர்ப்பதை நிறுத்தாதீர்கள். அப்பாவின் முழங்காலுக்குக் காத்திருக்கத் தெரியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமில் நான்கு பேரும் உட்காருங்கள், கணவன் மனைவியோடு. தம்பி கண்டிப்பாக வரட்டும். முதலில் உங்கள் இரண்டு வருடப் பற்றுச்சீட்டுகளை நீங்களே எடுத்து வையுங்கள். அதைப் பார்த்து அண்ணனும் வங்கிக் கணக்கை எடுத்து வைப்பார் என்றே நம்புகிறேன். வைக்கவில்லையென்றால், அடுத்த மாதத்திலிருந்து உங்கள் 300 வெள்ளியை உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதில் போடுங்கள். அதை ஒளித்துச் செய்யாதீர்கள். "அண்ணே, என் பங்கு இங்கே இருக்கிறது, வீடு பார்க்கிற அன்றைக்குக் கொண்டுவருகிறேன்" என்று அவரிடம் நேராகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.