வாசலில் நிற்பவனிடம் பொய் சொல்லலாமா? மெய்யியல் கேள்வி பதில்

வெள்ளவத்தை: சேர், மெய்யியல் படிச்சு நாட்டுப் பிரச்சினை ஏதும் தீருமா?

பதில்: எந்தப் பிரச்சினை எண்டு சொல்லுங்கோ. மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் சொல்ல வரும்.

கொட்டாஞ்சேனை: கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது எண்டு ஜேர்மன் மெய்யியலாளர் காண்ட் எழுதினது உண்மையா?

பதில்: உண்மைதான். 1797இல், பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கொன்ஸ்ரனுக்கு மறுப்பாக எழுதினார். துரத்தி வந்தவன் வாசலில் நின்று "உன் நண்பன் உள்ளேயா?" எண்டு கேட்டாலும் பொய் சொல்லக்கூடாதாம். நீ பொய் சொல்ல, நண்பன் பின்கதவால் போய் அவனிடமே அகப்பட்டால் பழி உனக்கு எண்டது அவர் வாதம்.

வேறு ஊரில் சிரிப்பார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குச் சிரிப்பு வராது. தமிழர் வீடுகளைத் தேடிக் காடையர் வாக்காளர் இடாப்போடு வந்தாங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கேற்றைப் பிடிச்சபடி "இங்கை ஒருத்தரும் இல்லை" எண்டா. நாங்கள் ஐந்து பேர் அவவின் குசினியில், அரிசி மூட்டைக்குப் பின்னால். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்குது. இறக்க ஒருவரும் எழும்பேல்லை. போயாவுக்குப் போயா (பூரணைக்குப் பூரணை) வெள்ளை உடுத்துச் சில், அதாவது பௌத்த ஒழுக்க விதிகள், எடுக்கிறவ அவ. பொய் சொல்லாமை அதில் நாலாவது.

292ஆம் குறள் அவவின் பக்கம்: குற்றமில்லாத நன்மை தருமெண்டால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும். ஆனால் "புரைதீர்ந்த நன்மை" எண்ட நிபந்தனையை விட்டுவிட்டு மேற்கோள் காட்டாதேங்கோ.

பம்பலப்பிட்டி: நிறுத்த ஏலாத ட்ராம் வருது. நேரே தண்டவாளத்தில் ஐந்து பேர், மறுபக்கம் ஒருவர். எந்தப் பக்கம் திருப்புவீங்கள்?

பதில்: இண்டைக்கு இது மூன்றாம் தரம். ஆங்கில மெய்யியலாளர் பிலிப்பா ஃபூட் 1967இல் கருக்கலைப்பு விவாதத்துக்கிடையில் வைத்த உதாரணம் அது. உதாரணத்தைத் தீர்ப்பாக எடுக்காதேங்கோ.

தெஹிவளை: அந்தக் குறளை அமைச்சரும் சொல்லுவாரே? நாட்டு நன்மைக்குப் பொய்யெண்டு?

பதில்: இதுதான் கேள்வி! அந்த அம்மாவின் பொய், கத்தி வைத்திருந்தவனிடம். பிடிபட்டால் இழப்பது அவ. அரசின் பொய் மக்களிடம், இழப்பதும் மக்கள். காண்டே 1795இல் ஒரு சோதனை தந்தார்: பிறர் உரிமையைத் தொடும் செயலின் நோக்கத்தை ஊரறியச் சொல்ல முடியாவிட்டால் அது அநீதி.

தெஹிவளை: அந்த அம்மாவும் அண்டைக்கு ஊரறியச் சொல்லியிருக்க ஏலாதே?

பதில்: நல்ல அடி. கலவரம் அடங்கின பிறகு சந்தியில் நிண்டு சொன்னா எண்டு சமாளிக்கப் பார்த்தேன். போதாது. ஒத்துக்கொள்ளுறன்.

மருதானை: 2022 பெற்றோல் வரிசையில் முதலிடம் டொக்டருக்கா, ஓட்டோக்காரருக்கா?

பதில்: நீங்கள் இவர்களில் யார் எண்டு தெரியாமல் விதியை எழுதிப் பாருங்கோ. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் 1971இல் சொன்ன வழி.

கிராண்ட்பாஸ்: அப்ப பொய் சொல்லலாம். ஆமா, இல்லையா?

பதில்: மேலே வாசியுங்கோ.

வெள்ளவத்தை: அம்மாவுக்குப் புற்றுநோய். அவவுக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறம். இதுவும் அந்தப் பொய்தானா?

பதில்: இல்லை பிள்ளை. உங்கட அம்மா வாசலில் நிற்கிறவ இல்லை, வீட்டுக்குள்ளே இருக்கிறவ. எவ்வளவு அறிய விருப்பம் எண்டு முதலில் அவவையே கேளுங்கோ.