58-ஆ, 38-ஆ?

கேள்வி: பழைய கணினி ஒன்று வாங்கினேன். உள்ளே ரைசன் 7 1700எக்ஸ் பிராசஸர். எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா இருக்கும்போதே ஒரு மென்பொருள் 58 டிகிரி காட்டுகிறது. இன்னொன்று 38 என்கிறது. விற்றவர் சென்சார் கெட்டிருக்கும் என்கிறார். நண்பரோ உடனே பெரிய கூலர் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கூலருக்கு எடுத்து வைத்த காசை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

58-இலிருந்து 38-ஐக் கழித்துப் பாருங்கள். அச்சாக 20. கெட்டுப்போன சென்சார் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது. ஒரு பெரிய வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், ரெண்டு எண்ணும் அதே இடைவெளியோடு சேர்ந்தே ஏறும்.

விஷயம் இதுதான். இந்தச் சிப்பிலிருந்து வரும் எண்ணுக்கு 'டிகண்ட்ரோல்' என்று பெயர். அது விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று சொல்வதற்கான எண். 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்களில் அதோடு 20 டிகிரியை, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே கூட்டி வைத்திருக்கிறது. 2700எக்ஸில் 10. எக்ஸ் இல்லாத சாதா 1700-இல் ஒன்றுமே கூட்டவில்லை. சிலிக்கானின் நிஜச் சூடு வேண்டுமென்றால் இதைக் கழித்தாக வேண்டும், அது டிரைவரின் வேலை (சிப்போடு பேசி எண்ணை வாங்கித் தரும் சிறு மென்பொருள்தான் டிரைவர்). லினக்ஸ் இயங்குதளத்தின் கே10டெம்ப் டிரைவர் மாடல் பெயரைப் பார்த்துக் கழிக்கிறது. அந்தக் கணக்கு தெரியாத மென்பொருள் வந்த எண்ணை அப்படியே காட்டிவிடும். ஆக, உங்கள் பிராசஸர் 38-இல்தான் இருக்கிறது.

இன்டெல்லில் கதை வேறு. அங்கே சென்சார் சூட்டைச் சொல்வதே இல்லை. சூட்டின் உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். பாக்கி 40, வரம்பு 100 என்றால் சூடு 60. டிரைவர் வரம்பை 85 என்று நினைத்துக்கொண்டால் அதே சிப் 45 ஆகிவிடும்! இப்போதைய சிப்களில் வரம்பையும் படித்துக்கொள்ளலாம். கோர் 2 என்ற பழைய இன்டெல் வரிசையின் காலத்துப் பல சிப்களில் அந்த வசதி இல்லாததால் டிரைவர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. தவிர, வரம்பை நெருங்க நெருங்கத்தான் அந்த சென்சார் துல்லியமாகும். சும்மா இருக்கும்போது 28-ஆ 33-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

(சூட்டைக் காட்டும் லினக்ஸ் கோப்பில் 38000 என்று பார்த்துப் பதறிப்போனவர்களும் உண்டு. அது மில்லிடிகிரி, ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.)

சரி, வாங்கிய பொருள் தேறுமா? இருபது நிமிடம் பிராசஸரின் எல்லாக் கோர்களுக்கும் முழு வேலை கொடுங்கள். கண் பிராசஸரின் வேகத்தின் மேல் இருக்கட்டும். 1700எக்ஸின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகாமல் நின்றால் புதுக் கூலர் தேவையில்லை. சூடு ஏறி வேகம் அதற்கும் கீழே சரிந்தால் முதலில் தூசியைத் தட்டி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அப்புறமும் சரிந்தால் நண்பர் சொன்ன கூலரைப் பார்க்கலாம்.